கேர்ட்டி கோரியும் நரம்பின் மீள்வளர்ச்சியும்

இக்கல்லூரியிலிருந்து மருத்துவபீடம் சென்ற நாம் அனைவரும் உயிர் இரசாயனவியலில் கோரி வட்டத்தை மனனம் செய்தவர்களே. அப்பெயரில் பாதி ஒரு பெண்ணுக்குரியது.

கேர்ட்டி 1896 இல் பிராக் நகரில் பிறந்தார். அவர் படித்த பெண்கள் பாடசாலையில், பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இலத்தீன், கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியன போதியளவு கற்பிக்கப்படவில்லை. பதினாறு வயதில் மருத்துவராகத் தீர்மானித்தவர், அவற்றைக் குறுகிய காலத்தில் கற்றுத் தேறினார். 1920 இல் மருத்துவப் பட்டம் பெற்று, உடன் படித்த கார்ல் கோரியை மணந்தார். 1922 இல் அமெரிக்கா சென்றார். 1931 முதல் இருவரும் சென். லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினர். கணவருக்குப் பேராசிரியர் பதவி. ஆய்வில் சரிபாதி சுமந்த இவருக்குச் சிறு சம்பளத்தில் ஆய்வாளர் பதவி. 1947 இல்தான் பேராசிரியரானார். அவ்வாண்டே மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்ணுமானார்.

தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியம், தொழிற்படும் நிலை, அடங்கிய நிலை என இரு வடிவங்களில் இருப்பதை அவர்களது ஆய்வுகூடம் கண்டது. ஒன்றை மற்றதாக மாற்றுவது எது? அங்கு முன்னர் பயின்ற எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷருடன் சேர்ந்து 1955 அளவில் விடை கண்டார்: புரதத்தில் ஒட்டியும் கழன்றும் ஆளி போல் இயங்கும் பொஸ்பேற்று.

கேர்ட்டியின் காலத்துக்குப் பின், காயப்பட்ட நரம்பிலும் இதே ஆளி அறியப்பட்டது. கையில் நரம்பு வெட்டுண்டால் நாருக்குள் கல்சியம் புகும்; பொஸ்பேற்றை ஒட்டும் நொதியங்கள் விழிக்கும். பொஸ்பேற்று ஏறிய புரதங்கள் நார் வழியே, முள்ளந்தண்டை அண்டியுள்ள கலவுடலுக்குக் காவிச் செல்லப்படும். அச்செய்தி சேர்ந்ததும் வளர்ச்சிக்குரிய மரபணுக்கள் தொழிற்படும். நார் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். மணிக்கட்டில் நரம்பு தைக்கப்பட்டவரின் விரல் நுனிக்கு உணர்வு திரும்ப மாதங்கள் செல்வது இதனாலேயே. மூளையிலும் முண்ணாணிலும் நார்கள் இவ்வாறு வளர்வதில்லை. அங்கும் இவ்வாளியை இயக்க வழி தேடுகின்றனர் இன்றைய ஆய்வாளர்கள்.

பரிசு கிடைத்த ஆண்டிலேயே கேர்ட்டிக்கு எலும்பு மச்சை நோய் இருப்பது தெரியவந்தது. குருதி ஏற்றிக்கொண்டே பத்து ஆண்டுகள் ஆய்வைத் தொடர்ந்தவர், 1957 ஒக்டோபர் 26 இல் மறைந்தார். பாடசாலை தராததையும் தேடிக் கற்ற அவரை, எமது கல்லூரியில் இன்று உயிரியல் படிக்கும் தங்கையர் அறிந்திருத்தல் வேண்டும்.