வாத்தியாரை மறக்காத டாக்டர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று நண்பர்கள் கேட்டதும், எனக்கு 1974 டிசம்பர் லீவுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்று நம் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அட்டை கிழிந்த தன் சொந்தப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்தார். லீவு முடிந்து கொண்டுவந்தால் போதும்டா என்றார். ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் சிறுகதைகள், மொத்தம் 12. மார்கழிக் குளிரில் போர்வைக்குள் முடங்கி, அகராதியும் கையுமாகப் படித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, கிறிஸ்துமஸ் வாத்தின் வயிற்றில் நீலக்கல் கிடைக்கிற கதை. திருடனைக் கண்டுபிடித்த ஹோம்ஸ், பண்டிகைக் காலமாச்சே என்று மன்னித்து அனுப்பிவிடுவார்.

எழுதியவர் ஆர்தர் கோனன் டாயில். 1859-இல் எடின்பரோவில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் படித்தபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜோசப் பெல். நோயாளி வாயைத் திறக்குமுன்பே அவர் செய்யும் தொழிலையும் வந்த ஊரையும் சொல்லிவிடுவாராம் பெல். அவரிடம் உதவியாளராக இருந்த மாணவர் டாயில் அதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டார்.

டாக்டராகி சவுத்ஸீயில் கிளினிக் வைத்தார், கூட்டம் வரவில்லை. சும்மா இருந்த நேரத்தில் எழுதினார். முதல் ஹோம்ஸ் நாவல் 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. முழு உரிமைக்கும் கிடைத்தது வெறும் 25 பவுண்டு! 1891-இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிறுகதைகள் வரத் தொடங்கியதும் புகழ் கொட்டியது. 1892-இல் அவற்றில் பன்னிரண்டு புத்தகமாக வந்தபோது, அதைத் தன் ஆசிரியர் பெல்லுக்கே சமர்ப்பித்தார். ஹோம்ஸ் அலுத்துப்போய் 1893 டிசம்பரில் அவரைக் கதையில் சாகடித்தார். வாசகர்கள் விடவில்லை, 1903-இல் பிழைக்க வைக்க வேண்டியதாயிற்று.

ஆசிரியர் கற்றுத்தந்த பார்வை கதையோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிசு. பம்பாயிலிருந்து போன பார்சி பாதிரியாரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி. இங்கிலாந்தில் வக்கீலாக இருந்தவர். இரவில் குதிரையை வெட்டினார் என்று 1903-இல் அவருக்கு 7 வருஷம் கடுங்காவல் விதித்தார்கள். மூன்று வருஷம் கழித்து வெளியே வந்த அவரைப் பார்க்க டாயில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். எடல்ஜி பத்திரிகையை முகத்தோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் டாக்டருக்கும் படித்திருந்த டாயிலுக்கு அது போதுமானதாக இருந்தது. இவ்வளவு பார்வை மங்கியவர் இருட்டில் வயல்களைத் தாண்டிப்போய் அந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியுமா? பத்திரிகையில் எழுதிப் போராடினார். 1907-இல் எடல்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது, நஷ்டஈடு கிடைக்கவில்லை. அதே வருஷம் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். டாயில் 1930-இல் காலமானார்.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்தை நான் திருப்பித் தரவேயில்லை. லீவு முடிந்து வந்தபோது சாரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. இன்றைக்கு அவர் இல்லை. டாயில் காலத்தோடு சொன்ன நன்றியை நான் இந்த மலரில்தான் சொல்ல முடிகிறது. உங்கள் வாத்தியார் யாராவது இருந்தால், இந்தச் சந்திப்பு முடிந்து ஊர் திரும்புமுன் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் நண்பர்களே!