தியோடர் போவரி

ஜெர்மனி நாட்டின் பாம்பெர்க் நகரில், 1862ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், மருத்துவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் தியோடர் போவரி. மியூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் பயிலப் புகுந்த அவர், விரைவிலேயே உடற்கூற்று நூலின்பால் திரும்பினார். 1893இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் விலங்கியற் பேராசிரியரானார்.

அவர் விரும்பி ஆய்ந்த உயிர், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழு. நாம் நாக்குப்பூச்சி என்று முகஞ்சுளிக்கும் இனத்தது. இதன் ஒரு வகையில், கருவுற்ற முட்டையில் இரண்டே நிறக்கோல்கள் உள. குழப்பமின்றி எண்ணுதற்கு இதனினும் எளிய உயிர் ஏது? முட்டை இரண்டாய்ப் பிளந்து, அவ்விரண்டும் மீண்டும் பிளக்குங்கால், ஓர் அணு தன் நிறக்கோல்களை முழுமையாய்க் காக்கிறது. மற்றதோ அவற்றின் நுனிகளை உதறி, எஞ்சியதைத் துணுக்குகளாக்குகிறது. இதனை அவர் 1887இல் கண்டார். இவ்வுதறல் அடுத்த சில பிளவுகளிலும் தொடர்கிறது. இறுதிவரை காத்த அணுவின் வழியே இனவிருத்தி அணுக்களும், உதறியவற்றின் வழியே தசை முதலிய உடலும் தோன்றுகின்றன.

உதறுமாறு பணிப்பது யாது? நிறக்கோலா, அதனைச் சூழ்ந்த அணுக்கூழா? முட்டைகளைப் பொறியிலிட்டுச் சுழற்றியும், இரு விந்தணுக்கள் புகுந்த முட்டைகளை நோக்கியும், கூழே பணிக்கிறதென 1910இல் நிறுவினார். நிறக்கோல் எந்தக் கூழில் விழுந்ததோ, அதற்கேற்பவே நடந்தது.

இவ்விடத்தில் நாம் சற்றே காலம் கடந்து செல்வோம். மண்ணில் வாழும் சிறு உருளைப்புழு ஒன்று உண்டு; சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். (வண்டியூர்க் கண்மாய்க் கரையில், நம் கே.கே. நகர்ப் பக்கத்து ஈரமண்ணை உருப்பெருக்கியில் நோக்கின், உருளைப்புழு இனங்கள் பல நெளியக் காணலாம்.) அது எதனையும் உதறுவதில்லை. ஆயினும் அதன் கருவில், உடற்சுவர்த் தசையணுக்கள் 81 மட்டும் தனியே பிரிந்து உருவாகின்றன. நிறக்கோலிற் பொருந்தி, வேண்டிய மரபுக்கூற்றை இயக்கும் புரதங்களே இதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று 1990இல் அறியப்பட்டது. இளங்கருவில் அதனை எங்கும் பெருகச் செய்தால், பெரும்பாலான அணுக்கள் தசையாகின்றன. எனின் அஃது ஒன்றே தலைவனோ? அன்று, அதனை நீக்கினும் தசை உண்டாகிறது. ஆனால் அத்தசை வலுவின்றிச் சுருங்க, புழு மடிகிறது. துணைப்புரதங்கள் இரண்டு உடன் உழைப்பதனாலேயே அவ்வளவேனும் நிகழ்கிறது. போவரி எழுப்பிய வினாவிற்கு விடை இவ்வாறு சிறிது சிறிதாகவே கிட்டியது.

அவர்தம் உடல்நலம் என்றும் மெலிந்தே இருந்தது. பெர்லினில் புதிதாய் அமையவிருந்த உயிரியல் நிலையத்தின் தலைமை தேடி வந்தும், நலிவால் 1913இல் அதனை மறுத்தார். மறு ஆண்டே, புற்றுநோய்க்கு நிறக்கோல்களின் பிறழ்ச்சியே காரணமாகலாம் எனும் நூலை வெளியிட்டார். உலகப்போர் நடுவே, 1915 அக்டோபர் 15இல், 53 வயது நிரம்பிய மூன்றாம் நாள் மறைந்தார். அமெரிக்கரும் உயிரியல் அறிஞருமாகிய அவர் மனைவி மார்செல்லா, தம் தாய்நாடு திரும்பிக் கல்லூரியொன்றில் கற்பித்துக்கொண்டே அந்நூலை மொழிபெயர்த்தார். அஃது 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.