குடிகாரரைத் தேடிப் போனவர்

குடியை விட விரும்புகிறவர் டாக்டரிடம் போவார். கோவிலுக்குப் போவார். ஆனால், தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடிப் போனார் ஒருவர். அதனால் இருவருமே பிழைத்தார்கள். அவர் பெயர் பில் வில்சன்.

பிடிவாதச் சிறுவன்

அமெரிக்காவில், வெர்மாண்ட் மாநிலத்தில், ஈஸ்ட் டார்செட் என்று ஒரு சிற்றூர். 1895-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி அங்கே பில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் பிரிந்து விட்டார்கள். தாயைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும் பில்லை வளர்த்தார்கள்.

எறிந்தால் திரும்பி வரும் 'பூமராங்' என்ற வளைதடியை ஆஸ்திரேலியாக்காரர்களால்தான் செய்ய முடியும் என்று தாத்தா ஒருநாள் சொன்னார். பில் விடவில்லை. மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கினான். கடைசியில் அவன் எறிந்த தடியும் திரும்பி வந்தது!

இப்படிப்பட்ட பிடிவாதமும் பிற்காலத்தில் குடியிடம் தோற்றது.

முதல் கிளாஸ்

முதல் உலகப் போரின்போது பில் ராணுவ அதிகாரி ஆனார். 1917-ல் ஒரு விருந்தில் முதன்முதலாக மது அருந்தினார். அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். மது உள்ளே போனதும் கூச்சம் பறந்தது. அந்த ருசி அவரைப் பிடித்துக் கொண்டது.

1918 ஜனவரி 24-ந் தேதி லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். லோயிஸ் ஒரு டாக்டரின் மகள்.

போர் முடிந்தது. நியூயார்க்கில் பங்கு மார்க்கெட் தொழிலில் பில் இறங்கினார். பணம் கொட்டியது. குடியும் வளர்ந்தது. 1929-ல் மார்க்கெட் சரிந்தது. கையில் இருந்த பணம் போயிற்று. கணவனும் மனைவியும் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அவள் பையில் இருந்த சில்லறையையும் பில் திருடிக் குடித்தார். இனிக் குடிக்க மாட்டேன் என்று குடும்ப பைபிளிலேயே எழுதிக் கொடுத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை! எழுதியதெல்லாம் வீணாயிற்று.

இது ஒரு நோய்!

பில்லை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் சில்க்வொர்த் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, நோய் என்றார். இந்த நோய் உள்ளவர் முதல் கிளாசைத் தொட்டால் பிறகு நிறுத்த முடியாது என்று விளக்கினார்.

1934 நவம்பரில் எபி தாட்சர் என்ற பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். அவரும் பெரிய குடிகாரர். பில் மதுவை நீட்டினார். எபி வேண்டாம் என்றார்! கடவுள் பக்தி உள்ள ஒரு குழுவில் சேர்ந்து திருந்தியதாகச் சொன்னார். ஊரார் புத்திமதி ஏறாத பில்லின் மனதில், குடித்துக் கெட்டவரின் பேச்சு ஏறியது.

டிசம்பரில் பில் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதன் பிறகு அவர் மதுவைத் தொடவே இல்லை.

மதுவா? டெலிபோனா?

1935 மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் தோல்வி. கையில் காசும் குறைவு. ஓட்டலில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம். உள்ளே சிரிப்புச் சத்தம். கால் அந்தப் பக்கம் இழுத்தது.

பில்லுக்குப் பயம் வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பல குடிகாரர்களிடம் அவர் பேசியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால், பேசிய நாளெல்லாம் பில் குடிக்காமல் இருந்தார். அது நினைவுக்கு வந்தது. டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசியதில், ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். அவருக்குத் தெரிந்த பாப் ஸ்மித் என்ற டாக்டர் குடியால் அழிந்து கொண்டிருந்தார்.

மறுநாள் மே 12. பில்லும் பாப்பும் சந்தித்தார்கள். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தார் பாப். ஆறு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நீண்டது! பில் உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். பாப் இடையில் ஒருமுறை தவறினார். ஜூன் 10-ந் தேதி குடித்ததே கடைசி. 1950-ல் இறக்கும்வரை பிறகு அவர் குடிக்கவில்லை. அந்த ஜூன் 10-ந் தேதிதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தின் பிறந்த நாள். பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்பது இதன் பொருள்.

இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். அவர் மூன்றாமவர் ஆனார்.

இன்று ஒருநாள்

இந்தச் சங்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். வந்தவர் தன் கதையைச் சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். யாரும் ஏச மாட்டார்கள். ஆயுள் முழுவதும் குடிக்காதே என்று சொல்வதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இரு என்பார்கள். நாளை மறுபடியும் அதே பேச்சு!

1941-ன் தொடக்கத்தில் சுமார் 2,000 பேர் இருந்தார்கள். ஒரு வார இதழில் கட்டுரை வந்தது. ஆண்டு முடிவில் 8,000 பேர் ஆனார்கள்! குடிகாரரின் குடும்பத்தாருக்கும் துணை வேண்டும் அல்லவா? அதற்காக 1951-ல் 'அல்-அனான்' என்ற அமைப்பைத் தோழி ஒருவருடன் லோயிஸ் தொடங்கினார்.

யேல் பல்கலைக்கழகம் பில்லுக்குக் கவுரவப் பட்டம் தர முன்வந்தது. அவர் ஏற்கவில்லை. சங்கத்தில் தனி மனிதருக்குப் புகழ் கூடாது என்றார்.

மதுவை வென்றவரால் சிகரெட்டை நெடுங்காலம் விட முடியவில்லை. நுரையீரல் கெட்டது. 1971 ஜனவரி 24-ந் தேதி, தம் 75-வது வயதில் இறந்தார். அது அவருடைய கலியாண நாள்.

சென்னை உள்பட உலகின் பல ஊர்களில் இந்தச் சங்கத்தின் கூட்டங்கள் நடக்கின்றன. முதல் நாள் வருகிறவர் வாசலில் தயங்கி நிற்பார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் அப்படித் தயங்கி நின்றவர்களே!