காந்தக் கல்லை ஆராய்ந்த மருத்துவர்

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் கோல்செஸ்டர் என்னும் பழமையான நகர் ஒன்று உண்டு. அந்நகரில் 1544ஆம் ஆண்டில் வில்லியம் கில்பர்ட் பிறந்தார். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1569ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் குடியேறிப் புகழ்மிக்க மருத்துவராக விளங்கினார். தொழில் மருத்துவமாயினும், அவருடைய உள்ளம் காந்தக்கல் என்னும் கரிய கல்லின்பாற் சென்றது. பல்லாண்டுகள் அதனை ஆராய்வதில் கழிந்தன.

ஆங்கிலேயர் பெருங்கடல்களைக் கடந்து புதிய நாடுகளை நாடிச் சென்ற காலம் அது. முகில் மூடிய இரவில், விண்மீனைக் காண இயலாத மாலுமிக்குத் திசை காட்டியது காந்த ஊசி ஒன்றே. ஊசி பொய்த்தால் கலமும் அதிலுள்ள மக்களும் அழிய நேரும். அத்தகைய கருவியைப் பற்றி அன்று வழங்கிய செய்திகளுட் பல வெறுங் கட்டுக்கதைகளே. பூண்டு பட்டால் காந்தம் ஆற்றலை இழக்கும் என்றனர் சிலர். வைரத்தால் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்றனர் வேறு சிலர். ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையால் கற்றோரும் இவற்றை நம்பினர். கில்பர்ட் 75 வைரங்களைக்கொண்டு, பலர் முன்னிலையில் இரும்புக் கம்பிகளைத் தேய்த்து, தக்கையிற் செருகி நீரில் மிதக்கவிட்டார். ஒரு கம்பியேனும் அவ்வாறு வடக்கு நோக்கித் திரும்பவில்லை. இத்துணை எளிய சோதனைக்கும் அக்கதை இவ்வளவு காலம் தப்பி வாழ்ந்தது வியப்பே அன்றோ?

அவர் காந்தக் கல்லைப் பந்துபோல் உருண்டையாகக் கடைந்து, அதனைச் சிற்றுலகம் எனக் கொண்டார். அதன்மீது சிறிய ஊசியை வைத்து இடம் மாற்றிப் பார்த்தார். உருண்டையின் நடுக்கோட்டில் ஊசி படுத்துக் கிடந்தது. துருவத்தை அணுக அணுகச் சாய்ந்தது. துருவத்திலே செங்குத்தாக நின்றது. மாலுமியாயிருந்து கருவி செய்பவராகிய இராபர்ட்டு நார்மன் என்பவர், இலண்டனிலும் ஊசி கீழ்நோக்கிச் சாய்வதை 1581ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். இவ்விரண்டையும் ஒப்பிட்ட கில்பர்ட், ஊசியை ஈர்ப்பது விண்மீனும் அன்று, வடகடல் மலையும் அன்று. இப்பூமியே ஒரு பெரும் காந்தம் என்று துணிந்தார்.

அத்துணிவுக்கு மற்றொரு சான்று கொல்லனது உலைக்களத்தில் கிடைத்தது. கொல்லன் செக்கச் சிவக்கக் காய்ச்சிய இரும்புக் கோலைத் தென்வடலாக வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டுகின்றான். ஆறியபின் அதனை நீரில் மிதக்கவிட்டால், அக்கோல் தானே தென்வடலாகத் திரும்புகின்றது. காந்தக்கல் எதுவும் அதனைத் தீண்டவில்லை. கிழக்கு மேற்காக வைத்து அடித்த கோலிலோ அவ்வாற்றல் தெளிவாகத் தோன்றுவதில்லை. கொல்லன் பணிபுரியும் காட்சியைக் கில்பர்ட் தம் நூலிற் படமாகவே சேர்த்தார்.

அடிக்கும் இரும்புக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு? இரும்பினுள் கண்ணுக்குத் தெரியாத சிறு காந்தப் பகுதிகள் எண்ணிறந்தன உள. அவை பல திசைகளை நோக்கிக் கிடப்பதால் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று மறைத்துவிடுகின்றது. அடியினால் உண்டாகும் அதிர்ச்சி அவற்றின் எல்லைகளை நெகிழச் செய்கின்றது. அந்நிலையில் பூமியின் மெல்லிய காந்தப் புலமும் அவற்றுட் பலவற்றைத் தன் திசைக்கு இணக்கிவிடுகின்றது. இவ்விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது, கில்பர்ட்டு அறிந்ததன்று. ஆயினும் நிகழ்ச்சியைக் கண்டு பிழையின்றி எழுதிவைத்தவர் அவரே.

இரும்புக்கு உரிய இயல்பு பாறைக்கும் உண்டு. எரிமலைக் குழம்பு இறுகியுண்டான கரும்பாறைகளில் மாக்னடைட்டு என்னும் இரும்புத் தாது நுண்மணிகளாகக் கலந்துள்ளது. காந்தக் கல்லும் அத்தாதுவே. 1952ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு அறிஞர்களாகிய கலாஷ்னிகோவும் கபிட்சாவும், அழுத்தத்துக்கு உட்பட்ட பாறைகளின் காந்த இயல்பைக் குறித்துத் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இத்தகைய பாறையை ஒரு திசையில் நெருக்கினால், அத்திசையிற் காந்தமேற்கும் தன்மை குறைகின்றது. அதற்குக் குறுக்குத் திசையில் மிகுகின்றது. மென்மையாக நெருக்கி விடுவித்தால் பாறை பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும். சம்மட்டி அடிபோன்ற கடுந்தாக்குதலோ மாறா வடுவை விட்டுச் செல்லும்.

நிலத்தின் அடியிலும் பாறைகள் ஒன்றையொன்று ஓயாது நெருக்கிக்கொண்டிருக்கின்றன. நெருக்கம் எல்லை மீறிப் பாறை பிளக்கும்போது நிலம் நடுங்குகின்றது, அழுத்தம் தளர்கின்றது, உடன் காந்தமும் மாறுகின்றது. 1992ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், கலிபோர்னியாவில் லாண்டர்ஸ் என்னும் ஊரருகே 7.3 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கு முன்பே நிறுவப்பட்டிருந்த கருவிகள், பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ ஒரு நானோடெஸ்லா மாறியதைக் காட்டின. அது அவ்விடத்து முழுப் புலத்தில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. இதனைக்கொண்டு நிலநடுக்கத்தை முன்னறிந்து கூறுதல் இயலாது. எனினும், ஆழத்திற் பாறை படும் பாட்டை மேலிருந்து அறிய இஃது ஒரு வழியாகும்.

கில்பர்ட்டின் நூல் 1600ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. பூமி முழுவதும் காந்தக்கல்லின் இயல்பினது என்று அவர் அதிற் கூறியது பொருந்தவில்லை. நெருப்பிலிட்ட காந்தம் ஆற்றலை இழக்கும் என்பதை அவரே சோதித்துக் கண்டிருந்தார். பூமியின் உட்பகுதியோ அந்நெருப்பினும் வெம்மை மிக்கது! பூமியின் காந்தப் புலம் மிக ஆழத்தில் உருகி ஓடும் இரும்பினால் உண்டாவதென்று பின்வந்தோர் கண்டனர். காந்தத்தைத் தாங்கி நிற்கும் பாறைகள் மேலோட்டில்தான் உள்ளன.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் மருத்துவர் கல்லூரியின் தலைவரானார்; அதனையடுத்து எலிசபெத்து அரசியாருக்கு மருத்துவராகும் பேறும் பெற்றார். 1603ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரசியார் மறைந்தார். அவ்வாண்டு முடியுமுன் கில்பர்ட்டும் காலமானார். தம் நூல்களையும் கருவிகளையும் கனிமங்களையும் அவர் மருத்துவர் கல்லூரிக்கே விட்டுச் சென்றார். 1666ஆம் ஆண்டில் இலண்டனை எரித்த பெருந்தீ அக்கல்லூரியையும் அழித்தது. அச்செல்வமும் அதனோடு அழிந்தது.