வ. வே. சு. ஐயரும் கல்லிடைக்குறிச்சிக் குருகுலமும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் வ. வே. சு. ஐயரின் வரலாறு எதற்காக என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். நம் வட்டாரத்தில் பிறந்தவரும் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டுகள் நம் தாமிரவருணிக் கரையிலேதான் கழிந்தன. கம்பனின் காவியத்தை இக்காலத்தாருக்கு விளங்க எடுத்துரைத்த அப்பெரியார், இதே கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்விச்சாலையைத் தொடங்கினார். அக்கல்விச்சாலையின் உணவுப் பந்தியில் எழுந்த பூசல் தமிழ்நாட்டின் வரலாற்றையே திருப்பிற்று. கல்விக்காக உழைக்கும் நாம் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் கடமையாகும்.

இளமையும் இலண்டன் வாழ்வும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் வேங்கடேச ஐயரின் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியம். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். இலத்தீன் மொழியிலும் அங்கே தேர்ச்சியடைந்தார். பின்னர் வக்கீல் தொழிலில் ஈடுபட்டு, இரங்கூனுக்குச் சென்று, அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் போய்ச் சேர்ந்தார்.

பொருள் தேடப் போனவரை நாட்டுப்பற்று ஆட்கொண்டது. இலண்டனில் இந்தியா விடுதியில் சாவர்க்கர் முதலியோருடன் சேர்ந்து புரட்சிப் பணியில் இறங்கினார். அரசாங்கம் அவரைப் பிடிக்க முற்பட்டபோது, தாடி வளர்த்துச் சீக்கியர் வேடம் பூண்டு தப்பினார். 1910இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரியில் எழுத்துப் பணி

புதுச்சேரியில் பாரதியாரும் அரவிந்தரும் அவருக்குத் தோழராயினர். இளைஞர்களுக்கு உடற்பயிற்சி கற்பிப்பது, நூல்களை ஆராய்வது, எழுதுவது என அவருடைய நாள்கள் சென்றன. திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916இல் வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டி எனப் போற்றப்படும் குளத்தங்கரை அரசமரம் என்னும் கதையும் அக்காலத்தில் அவர் எழுதியதே.

கரிபால்டி, நெப்போலியன் போன்றோருடைய வரலாறுகளைத் தமிழில் தந்த ஐயர், புக்கர் வாஷிங்டனின் வரலாற்றையும் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து, தம் கறுப்பின மக்களுக்காக டஸ்கீகி என்னும் ஊரில் கல்வி நிலையம் வளர்த்தவர் வாஷிங்டன். ஒடுக்கப்பட்ட இனத்தைக் கல்வியும் கைத்தொழிலும் உயர்த்தும் என்பதை ஐயர் அறியாதவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

சிறையில் மலர்ந்த கம்பன்

முதல் உலகப் போர் முடிந்த பின் விதிக்கப்பட்டிருந்த தடை நீங்கவே, 1920இல் ஐயர் சென்னைக்குத் திரும்பினார். காந்தியடிகளின் அறவழியை ஏற்று, தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். 1921இல் இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறைவாசம் அவருக்குத் தவமாயிற்று. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பேராராய்ச்சியை அங்கே எழுதினார். வான்மீகி, ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகியோரின் காவியங்களோடு கம்பனை ஒப்பிட்டு, உலகப் பெருங்கவிஞர் வரிசையில் நம் தமிழ்க் கவிஞனுக்கு உரிய இடத்தை நிலைநாட்ட முயன்றார். கதையை அப்படியே திருப்பிச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. பாத்திரங்களின் குணமும் சொல்லின் அழகும் இக்காலப் படிப்பாளிக்கு விளங்குமாறு, பாடல்களைத் தேர்ந்து மொழிபெயர்த்தும் காட்டினார். பிற்காலத்தில் பால பாரதி என்னும் தம் இதழில் தமிழிலும் கம்பனைப் பற்றி எழுதினார். சிறையில் எழுதிய ஆங்கில நூல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

பக்தியோடு கேட்டுக் கைகூப்பும் கதையாக மட்டும் இருந்த இராமாயணத்தை ஆராய்ந்து சுவைக்கும் இலக்கியமாக அவர் காட்டினார். ஆராயும் உரிமை வந்துவிட்டால், கேள்வி கேட்கும் உரிமையும் உடன் வருகிறது. அவ்வுரிமையோடு, கம்பன் பாடிய குகன் கதையை நாமும் சிறிது நோக்குவோம்.

குகனும் ஏகலைவனும்

குகன் கங்கைக்கரை வேடர் தலைவன். தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் திருமுன் வைக்கிறான். சூழ இருந்தவர்கள் முனிவர்கள். ஆயினும் அன்போடு கொணர்ந்த பொருள் அமிழ்தினும் உயர்ந்தது, தூயது என்று இராமன் போற்றுகிறான். அவனைத் தம்பியாகவும் ஏற்றுக்கொள்கிறான். சாதி பேசிய நாட்டில் இப்படிப் பாடிய கம்பனின் நெஞ்சம் பெரிது.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த உணவை இராமன் உண்ணவில்லை. தானும் உண்டதற்கே அது ஒப்பாகும் என்று இன்சொல் கூறுவதோடு நிறுத்திக்கொள்கிறான். அணைத்துக்கொண்ட கை, உணவில் படவில்லை.

மகாபாரதமோ வேறு விதமாகப் பேசுகிறது. குகனைப் போலவே ஏகலைவனும் நிடாதர் குலத்தவன். வில்வித்தை கற்க வந்தவனைத் துரோணர் மாணவனாக ஏற்கவில்லை. அவன் தானே கற்றுத் தேர்ந்தபோது, குருதட்சிணை என்று வலக்கைப் பெருவிரலைக் கேட்டு வாங்கினார். காவியக் கதையை மீண்டும் சொல்பவர் குகனை மட்டும் சொல்லி, ஏகலைவனை மறைத்தல் ஆகாது. இரண்டும் இந்நாட்டின் கதைகளே.

கல்லிடைக்குறிச்சியில் குருகுலம்

சிறை மீண்ட ஐயர், அடிமைக் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தரவேண்டும் என்று எண்ணினார். 1922இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் தோன்றியது. பின்னர் அது ஆற்றின் போக்கிலேயே கிழக்கே அமைந்த சேரன்மாதேவிக்கு மாறிற்று. தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, உடற்பயிற்சி, நாட்டுப்பற்று ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. பல சாதியாரும் பொருளுதவி செய்தனர். தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, ஐயாயிரத்தை முதலில் வழங்கியது.

பந்தியில் எழுந்த பூசல்

பொதுப் பணத்தில் நடந்த அக்குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. பெற்றோருக்கு அவ்வாறு வாக்களித்து அவர்களைச் சேர்த்துக்கொண்டதாக ஐயர் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. செய்தி பரவியதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். முந்திய ஆண்டில்தான் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்று மீண்டிருந்த ஈ. வெ. ராமசாமி, மீதிப் பணத்தைத் தர மறுத்தார்.

வழக்குக் காந்தியடிகளிடமும் சென்றது. முன்னரே சேர்ந்த இருவருக்குக் கொடுத்த வாக்கைக் காக்கலாம், இனிச் சேர்வோர் அனைவரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்பது அவர் காட்டிய சமரசம். கிளர்ச்சி செய்தோர் அதனை ஏற்கவில்லை. தேசிய நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என 1925இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவில் தீர்மானம் வந்தபோது, தலைவர்களே இரு அணியாகப் பிரிந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஈ. வெ. ரா. குடி அரசு வார இதழைத் தொடங்கினார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே காங்கிரசை விட்டு வெளியேறினார். பிறகு வளர்ந்த சுயமரியாதை இயக்கத்தின் வேர்களில் ஒன்று நம் ஆற்றங்கரையில் ஊன்றியது என்பது மிகையன்று.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தப் பெருவிவாதம் பிராமணருக்கும் பிராமணரல்லாதாருக்கும் இடையிலான பந்தியைப் பற்றியே முதன்மையாகப் பேசிற்று. சேரிக் குழந்தையின் இலை எங்கே விரிக்கப்படும் என்பது அப்போது முன்னிடம் பெறவில்லை. அதைக் கேட்க நம் தலைவர்களே எழவேண்டியிருந்தது. பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் எல்லாருக்கும் உரிமை உண்டென்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924ஆம் ஆண்டு. அதே ஆண்டில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர், ஒதுக்கப்பட்ட மக்களின் கல்வியையும் நலனையும் நோக்கமாகக் கொண்டு தம் முதல் அமைப்பைத் தொடங்கினார்.

பாபநாச அருவி

பூசலின் கொந்தளிப்பு அடங்குமுன்பே ஐயரின் வாழ்வு முடிந்தது. 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில், மாணவர்களோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாபநாசம் மலைக்குச் சென்றார். அருவியின் ஓடையைக் கடக்கும்போது மகள் நீரில் விழுந்தாள். அவளை மீட்கப் பாய்ந்த தந்தையையும் வெள்ளம் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது 44. கருத்து வேறுபாடு கொண்டிருந்தோரும் அம்மறைவுக்கு வருந்தினர்.

நாம் கொள்ளவேண்டியது

ஐயரின் அறிவும் தியாகமும் ஐயத்துக்கு இடமற்றவை. ஆங்கில அரசின் அதிகாரத்துக்கு அஞ்சாத அவர், இரு பெற்றோரின் ஆசாரத்துக்கு இணங்கிவிட்டார். குகனைத் தம்பி என்ற காவியத்தில் தோய்ந்தவரின் குருகுலத்தில் பந்தி இரண்டாயிற்று. இதனைச் சொல்வது அவரை இகழ்வதற்கன்று. கதையில் காட்டும் அன்பு சோற்றுப் பந்தி வரை வரவேண்டும். வராவிட்டால் அது பாதி அன்பே என்பதைத் தெளிவதற்காகச் சொல்கிறோம்.

இளைஞர்களே! இராமாயணமும் பாரதமும் நமக்கு அந்நியமானவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சத்தோடு அவற்றை வணங்கிக்கொண்டும் நிற்காதீர்கள். ஐயர் காட்டியவாறு கற்று ஆராயுங்கள். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளையும் கேளுங்கள். குகனின் கதையை அவன் நாவால் சொல்லவும், ஏகலைவனின் கதையை அவன் விரலின் வலியோடு சொல்லவும் நம்மிடையே எழுத்தாளர் தோன்ற வேண்டும். பெருவிரலைக் காணிக்கை கேளாத பள்ளியும், எல்லா இலையும் ஒரே வரிசையில் விழும் விடுதியும் எங்கும் நிலைபெற உழைப்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கத் தக்க உறுதியாகும்.