தாமஸ் கிரே

தாமஸ் கிரே (டிசம்பர் 26, 1716 – ஜூலை 30, 1771) ஆங்கிலக் கவிஞர் ஆவார். லண்டனில் பிறந்த இவருக்கு ஈட்டன் பள்ளியில் ஹோரஸ் வால்போல், ரிச்சர்ட் வெஸ்ட், தாமஸ் ஆஷ்டன் ஆகியோர் நெருங்கிய நண்பர்களாயினர்.

பயணமும் கடிதங்களும்

1739 மார்ச்சில் கிரேயும் பிரதமரின் மகனான வால்போலும் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டனர். செலவை வால்போலே ஏற்றார். பாரிஸ், புளோரன்ஸ், ரோம் முதலிய நகரங்களிலிருந்து இருவரும் இங்கிலாந்தில் இருந்த வெஸ்டுக்குக் கடிதங்கள் எழுதினர். ஆல்ப்ஸ் மலையில் வால்போலின் சிறு நாயை ஓநாய் கவ்விச் சென்ற செய்தியும் அவற்றில் உண்டு. 1741 மே மாதம் இத்தாலியின் ரெஜியோ நகரில் இருவருக்கும் பிணக்கு ஏற்பட, கிரே தனியே நாடு திரும்பினார். தவறு பெரிதும் தம்முடையதே எனப் பிற்காலத்தில் வால்போல் ஒப்புக்கொண்டார்.

1742 ஜூனில் கிரே தமது வசந்தகாலக் கவிதையை வெஸ்டுக்கு அனுப்பினார். கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பியது. வெஸ்ட் ஜூன் 1 அன்று தமது 25ஆம் வயதில் இறந்திருந்தார். அவர் மறைவு குறித்துக் கிரே எழுதிய பதினான்கு வரிக் கவிதை, கிரேயின் வாழ்நாளில் அச்சேறவில்லை.

1745இல் வால்போலுடன் நட்பு மீண்டது. கிரேயின் புகழ்பெற்ற கல்லறைத் தோட்ட இரங்கற்பா 1751இல் வெளிவர உதவியவரும் வால்போலே. கிரேயின் கடிதங்களை வில்லியம் மேசன் 1775இல் பதிப்பித்தார். ஆனால் அவர் பல பகுதிகளை நீக்கியும் இணைத்தும் மாற்றியதால் அப்பதிப்பை அப்படியே நம்புவதற்கில்லை.