இருளில் எழுந்த குரல்

பஞ்சாபில், அமிர்தசரஸ் அருகிலுள்ள கோட்லா சுல்தான் சிங் என்னும் சிற்றூரில் 1924ஆம் ஆண்டு முகமது ரஃபி பிறந்தார். தெருவில் பாடிச் செல்லும் பக்கீரைப் பின்தொடர்ந்து, அவர் பாடல்களைத் தாமும் பாடிப் பழகினார். பின்னர் அவர்தம் குடும்பம் லாகூர் நகரில் குடியேறியது.

அந்நகரில் ஒருநாள், புகழ்மிக்க பாடகர் குந்தன்லால் சைகல் பாடுவதாக இருந்தது. மக்கள் திரண்டனர். திடீரென மின்சாரம் தடைப்பட்டது. ஒலிபெருக்கியின்றிப் பாடச் சைகல் இசையவில்லை. கூட்டம் பொறுமை இழந்தது. அப்போது ரஃபிக்கு நெருக்கமான ஒருவர், அவரைப் பாடவிடுமாறு விழா அமைப்பாளர்களை வேண்டினார்.

13 வயது ரஃபி மேடையேறினார். அங்கிருந்தோர் காத்திருந்தது அவருக்காக அன்று. குரலைப் பெருக்கிக் காட்டக் கருவியும் இல்லை. எனினும், அஞ்சாது பாடினார். ஆரவாரம் அடங்கியது, அவை அவர் பாடலில் ஒன்றியது.

1944இல் ரஃபி பம்பாய்க்குச் சென்றார். 1946இல் வெளிவந்த ‘ஷாஜகான்’ திரைப்படத்தில், சைகல் பாடிய பாடல் ஒன்றில் ரஃபியின் குரலும் சேர்ந்து ஒலித்தது. 1967இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1980இல் மறைந்தார்.

லாகூரில் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு எதிர்பாராதது. ஆனால், அதைப் பற்றிக்கொள்ளத் துணைநின்றது, இளமை முதல் விடாது பாடிப் பழகிய பழக்கமே ஆகும்.